தவறான கட்டளை, மீண்டும் முயலவும்

கம்பியூட்டருக்கு விதி எழுதுகிறவர்களை, விதி பிழைத்தால் திட்டுவார்கள். பிழைக்காமல் சொன்னபடியே வேலை செய்தால் இன்னும் கூடத் திட்டுவார்கள். இந்தத் தொழிலில் கொஞ்ச நாளாவது குப்பை கொட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களும் ஒரு தடவையாவது என்னோடு சேர்ந்து அவதிப்பட்டிருப்பீர்கள். திரையில் ‘தவறான கட்டளை, மீண்டும் முயலவும்’ என்று வரும். எது தவறு என்று சொல்லாது. அந்த வாசகத்தை எங்கேயோ உட்கார்ந்து எழுதியது என்னைப் போல ஒருத்திதான்.

யுத்தம் முடியாத அந்த வருஷங்களில் நான் மாத்தளை டவுனில் ஒரு கம்பியூட்டர் கடையில் வேலை பார்த்தேன். கடை ஹாஜியாருடையது. முன்பக்கம் இன்டர்நெட் பார்க்கிற மேசைகள், பின்பக்கம் நானும் நிமலும். நிமல் சிங்களப் பையன். மெஷினைக் கழற்றிப் பூட்டுவது அவன் வேலை. வியாபாரிகளுக்கும் தோட்டத்துக் கணக்கு எழுதும் கந்தோர்களுக்கும் சின்னச் சின்னப் புரோகிராம் எழுதிக் கொடுப்பது என் வேலை. புரோகிராம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இந்தச் சொல் வந்தால் இதைச் செய், இந்த வழியில் இருக்கிற கோப்பைத் திற, மற்றதையெல்லாம் மறு என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான். யார் எதைத் தட்டினாலும் மெஷின் அதை என் விதிகளோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் உண்டு, பொருந்தாவிட்டால் இல்லை. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்து லய வீட்டிலிருந்து படித்து வந்தவள் நான். மெஷின் நான் சொன்னதைக் கேட்கிறது என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அது ஆரம்பத்தில்.

காசிம் நானாவின் ஸலாம்

தம்புள்ளையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் முதலாளி ஒருவர் எங்களிடம் வந்தார். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தோட்டக்காரர்கள் போன் எடுத்து விலை கேட்கிறார்கள், சாப்பிடக்கூட நேரமில்லை என்றார். நான் ஒரு வழி செய்து கொடுத்தேன். போனில் ஆங்கில எழுத்தில் ‘விலை’ என்று அடித்து, ஒரு இடம் விட்டு, மரக்கறியின் பெயரை அடித்து அனுப்பினால் அன்றைய விலை மெசேஜாகத் திரும்பி வரும். முதல் சொல் ‘விலை’யாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் விதி.

எல்லோருக்கும் விலை போனது, பல்லேகமப் பக்கம் கத்தரியும் மிளகாயும் போடுகிற காசிம் நானாவைத் தவிர. அவருக்கு எப்போதும் ‘தவறான கட்டளை’தான். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் பஸ் ஏறி மாத்தளைக்கே வந்துவிட்டார். போனை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மெசேஜையும் ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்று தொடங்கியிருந்தார். மெஷின் முதல் சொல்லைப் பார்த்திருக்கிறது, அது ‘விலை’ இல்லை, மறுத்துவிட்டது. இதை நான் மெதுவாக எடுத்துச் சொல்ல, அவர் ஸலாம் சொல்வது தப்பான கட்டளையா என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மேசையில் இருந்த ஹாஜியார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

அன்றைக்கே விதியை மாற்றினேன். முன்னால் ஸலாம் இருந்தால் அதைத் தாண்டிப் போய் ‘விலை’யைத் தேடு என்று எழுதினேன். சொல்வது சுலபம்; ஸலாமை ஆங்கில எழுத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு ஒரு தடவை டவுனுக்கு வந்தபோது நானா கடைக்கும் வந்தார். இப்போது எல்லாம் சரியா என்று கேட்டேன்.

“வெல சரியாத்தான் வருது மகள். ஆனா ஒரு நாளாவது பதில் ஸலாம் சொல்லலையே.”

ஒன்றுமே இல்லாத தப்பு

மிளகு, கராம்பு மாதிரி வாசனைச் சரக்கு வாங்கி விற்கும் கடையொன்றில் கணக்கு எழுதுகிற பெரியவர் இருந்தார். டைப்ரைட்டரில் பழகியவர். ஒரு சொல்லை அடித்து முடித்ததும் அவருடைய கட்டைவிரல் தானாகப் போய் இடைவெளி விடுகிற நீளக் கட்டையில் விழும். இருப்பு எவ்வளவு என்று பார்க்க ஒரே ஒரு சொல்லைத்தான் அடிக்க வேண்டும். அவர் அடித்தால் அதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளியும் சேர்ந்து போகும். அந்த இடைவெளியும் மெஷினுக்கு ஒரு எழுத்துதான். பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிடும். பக்கத்தில் நின்று நான் அடித்துக் காட்டினால் உடனே வரும். அவருக்கு முகம் கறுத்துவிடும்.

என்ன தப்பு என்று கண்டுபிடிக்க எனக்கே ஒரு பொழுது போயிற்று. திரையில் ஒரு வெற்றிடத்தைச் சுட்டிக்காட்டி, ஐயா, இதுதான் காரணம் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“ஒண்ணுமே இல்லாததத் தப்புன்னு சொல்றத நான் கோட்டுக் கேஸுலகூடப் பாத்ததில்லம்மா.”

கழுதையும் பாஸ்போட்டும்

முன்பக்கத்து மேசைகளில் பையன்கள் கண்ட கண்ட பக்கங்களையும் பார்க்கிறார்கள் என்று பள்ளிவாசலில் யாரோ ஹாஜியாரிடம் சொல்லிவிட்டார்கள். மறுநாளே அதற்கு ஒரு பூட்டுப் போடச் சொன்னார். நிமல் எங்கிருந்தோ கெட்ட ஆங்கிலச் சொற்களாகத் திரட்டிக் கொடுத்தான். எந்தப் பக்கத்தின் விலாசத்திலாவது அந்த எழுத்துகள் வந்தால் திறக்காதே என்று விதி எழுதினேன். திறக்காத பக்கத்துக்குப் பதிலாக, ‘இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று மூன்று பாஷையிலும் வரும். ஹாஜியாருக்கு மிகவும் சந்தோஷம்.

அந்தச் சொற்களில் ஒன்று, ஆங்கிலத்தில் கழுதைக்கும் உடம்பின் பின்பக்கத்துக்கும் பொதுவான மூன்றெழுத்துச் சொல். பாஸ்போட் என்பதை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், அதன் வயிற்றுக்குள் அந்த மூன்று எழுத்தும் இருக்கும். வெளிநாட்டுத் தூதரகத்துக்கு உரிய எம்பசி என்ற சொல்லுக்குள்ளும் இருக்கும். அந்த நாளில் எங்கள் கடைக்கு வந்தவர்களில் அரைவாசிப் பேர் இந்த இரண்டையும் தேடித்தான் வந்தார்கள்.

செல்வராஜ் என்று ஒரு பையன். டவுனுக்குப் பக்கத்துத் தோட்டம். ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய், விசாரித்துவிட்டு அப்போதுதான் வெளியே விட்டிருந்தார்கள். இனி இங்கே வைத்திருந்தால் ஆபத்து என்று அவனை எப்படியாவது வெளிநாட்டுக்கு அனுப்ப வீட்டில் ஓடித் திரிந்தார்கள். அவன் மேசையில் உட்கார்ந்து பாஸ்போட் பக்கத்தைத் திறக்கப் பார்த்திருக்கிறான். அனுமதி இல்லை. எம்பசிப் பக்கத்தைத் திறக்கப் பார்த்திருக்கிறான். அதற்கும் அனுமதி இல்லை. பெயர் கேட்காமலே தன்னை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று பயந்து, யாரிடமும் ஒன்றும் கேட்காமல் எழுந்து போய்விட்டான். அவனுடைய அக்கா வந்து விசாரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

அந்தச் சொல்லை உடனே எடுத்துவிட்டேன். செல்வராஜைக் கூட்டிவரச் சொல்லி, எந்தப் பக்கமும் யாரையும் பார்த்து மூடவில்லை, விலாசத்துக்குள் ஒரு கெட்ட சொல் ஒளிந்திருந்ததுதான் காரணம் என்று முடிந்தவரை கௌரவமாக விளக்கினேன். ஹாஜியாரும் பக்கத்தில் வந்து நின்று, பையன்கள் கெட்டது பார்க்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தோம் என்றார். செல்வராஜ் தலையைக் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

“நா கெட்டது பாக்க வரலீங்க ஹாஜியார். ஊர விட்டுப் போகத்தான் வந்தேன்.”

தினமும் வெற்றி

ரிவர்ஸ்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கந்தோர். மலையில் இடி மின்னல் அதிகம் என்பதால், கணக்குகளைத் தினமும் சாயந்தரம் இன்னொரு டிஸ்க்கில் தானாகவே பிரதி எடுக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். எந்த வழியில் இருக்கிற கோப்புகளை எடுக்க வேண்டும் என்று விதியில் எழுதியிருந்தது. வேலை முடிந்ததும் ‘வெற்றி’ என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டு பெரிய கிளாக்கர் மெஷினை மூடிவிட்டு வீட்டுக்குப் போவார்.

பெரிய கிளாக்கர் சுத்தமும் பக்தியும் உள்ள மனிதர். ஒரு நல்ல நாள் பார்த்து, பிள்ளையார் பெயரில் ஒரு புது ஃபோல்டர் திறந்து, கணக்கு முழுவதையும் அதற்குள் நகர்த்தி வைத்தார். புரோகிராம் பழைய வழியிலேயே போய்ப் பார்த்தது. அங்கே ஒன்றுமில்லை. முந்தின பிரதியை அழித்து, ஒன்றுமில்லாததை ஒழுங்காகப் பிரதி எடுத்துவிட்டு ‘வெற்றி’ என்று சொன்னது. மழைக்காலம் வந்தது. ஒரு பகல் இடி விழுந்து மெஷின் கருகியது. நான் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போய்த் திறந்தால் உள்ளே வெறுமை.

கிழவர்களின் சேவைக்காலம், சேமலாப நிதி, பெண்களின் பிரசவ லீவு எல்லாம் அதில்தான் இருந்தன. நல்ல வேளையாக அலுமாரியில் பழைய கடதாசிகள் கிடந்தன. கறையான் தின்றது போக மிச்சத்தைப் பார்த்து, நானும் அவருமாக மறுபடி ஏற்றினோம். மூடுபனியில் பஸ் ஏறிப் போய், மூடுபனியில் இறங்கி வருவேன். அவர் ஒரு நாளும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. வேலை முடிகிற தறுவாயில், பால் போடாத பிளேன்டியை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்:

“தெனமும் வெற்றி, வெற்றின்னு சொல்லிச்சு மிஸ். எதுல வெற்றின்னு நா கேக்காம விட்டுட்டேன்.”

நல்ல சொல்லாக எழுதுங்கள்

தம்புள்ளை முதலாளியின் லொறிகள் வவுனியாவுக்கும் திருகோணமலைக்கும் போய்வந்தன. அந்த ஊர் வியாபாரிகளிடமிருந்து வரும் மெசேஜ்களுக்கும் விதி எழுதித் தரச் சொன்னார். எழுதியதைக் கடதாசியில் அச்சடித்து, அவரிடம் காட்டிச் சரிபார்க்கலாம் என்று பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நாவுலையைத் தாண்டி ஒரு சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். பெண்களின் பைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பொலிஸ்காரப் பெண் என் ஐடென்டி காட்டைப் பார்த்தாள், தமிழ்ப் பெயர். விலாசத்தைப் பார்த்தாள், தோட்டம். பிறகு அந்தக் கடதாசிகளை வெளியே எடுத்தாள்.

கம்பியூட்டர் பாஷை தெரிந்த வாசகர்களுக்கு அதில் என்ன இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அனுமதி, மறுப்பு, நிறைவேற்று, இலக்கு, கில், எல்லாம் இங்கிலீஷில். ஒரு புரோகிராம் சிக்கிக்கொண்டால் அதை நிறுத்துவதற்கான கட்டளைக்கு வெள்ளைக்காரன் ‘கொல்’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறான். அந்த வரியின் பக்கத்தில், யுத்தப் பக்கத்து ஊரான வவுனியாவின் பெயர் இருந்தது.

என்னைத் தனியாக ஒரு தகரக் கொட்டிலுக்குக் கூட்டிப்போனார்கள். என்னோடு ஒரே சீட்டில் உட்கார்ந்து, குடும்பக் கதையெல்லாம் பேசிக்கொண்டு வந்த தமிழ் அம்மா பஸ்ஸில் ஏறி மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பஸ் போய்விட்டது. என் சாப்பாட்டுப் பார்சலும் அதோடு போய்விட்டது. இளவயது ஆமி ஒபிசர் ஒருவர் வந்து எதிரில் உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை. யாரைக் கொல்லச் சொல்லி எழுதியிருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டார். புரோகிராமை என்றேன். அது எங்கே இருக்கிறது என்றார். தம்புள்ளையில் என்றேன். அங்கே யார் பொறுப்பு என்றார். நான் உண்மையைச் சொல்லச் சொல்ல, கேட்கிறவர் காதில் அது மோசமாகிக்கொண்டே போனது. எனக்கு நன்றாகச் சிங்களம் வரும். அன்றைக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவருக்கும் சில சொற்களைக் கொடுத்து, இவை வந்தால் பிடி என்று சொல்லியிருப்பார்கள். என்னிடம் அந்தச் சொற்கள் எல்லாமே இருந்தன. வீட்டில் அப்பாவுக்கு யார் சொல்வார்கள் என்பதுதான் எனக்குத் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. போனை வாங்கி வைத்துவிட்டார்கள். பொலிஸ்காரப் பெண் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

கடைக்குப் போன் போட்டு விசாரித்திருக்கிறார்கள். ஹாஜியாரும் நிமலும் வேனில் வந்து இறங்கினார்கள். ஹாஜியார் வாதாடவில்லை. என் மகளைக் கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, வெயிலில் நின்றார். பேசியது நிமல்தான். பேசியது போதாமல், இங்கே கம்பியூட்டர் இருக்கிறதா என்று கேட்டான். இருந்தது. காலையிலிருந்து திரை அசையாமல் இறுகிப்போயும் இருந்தது. நிமல் அதன் முன்னால் உட்கார்ந்து அந்தக் கட்டளையை அடித்தான். இறுகி நின்ற புரோகிராம் அணைந்து, மெஷின் மறுபடி வேலை செய்யத் தொடங்கியது. ஒபிசர் கிட்ட வந்து திரையைப் பார்த்தார். பிறகு என் கடதாசிகளை மடித்து என் கையில் தந்தார். மன்னிப்பும் கேட்கவில்லை, மிரட்டவும் இல்லை. வேனில் ஏறப் போகும்போது பொலிஸ்காரப் பெண் கிட்ட வந்து, தங்கச்சி முறை வைத்து, மெதுவாகச் சிங்களத்தில் சொன்னாள்:

“நங்கி, இனிமே வரும்போது நல்ல சொல்லாப் பாத்து எழுதிக்கிட்டு வாங்க.”

சாந்தியின் மெயில்

ரிவர்ஸ்டன் ரோட்டில் ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுக்கிற லெச்சுமி அக்காவின் மகள் சாந்தி, குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அந்த வீட்டு டிரைவர் கண்டிப் பக்கத்து ஆள். அவர் தன்னுடைய மெயிலில், சாந்தி சொல்வதை ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டி எங்கள் கடைக்கு அனுப்புவார். அந்த விலாசத்திலிருந்து எது வந்தாலும் உடனே அச்சடி என்று விதி வைத்திருந்தேன். தெரியாத விலாசத்திலிருந்து வருகிறவை, வழக்கம்போல, குப்பைப் பெட்டிக்குப் போகும். அக்கா சனிக்கிழமைகளில் வருவார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, உள்ளே வராமல், நான் நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்பார்.

ஒரு கட்டத்தில் மெயில் வருவது நின்றுபோனது. அக்கா வந்தார், போனார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார். வெளிநாட்டுக்குப் போன பெண்பிள்ளைகளைப் பற்றி அப்போது ரேடியோவில் கேட்டதெல்லாம் நல்லதாக இல்லை. நான் டிரைவரின் விலாசத்துக்கு எழுதிப் பார்த்தேன், பதில் இல்லை. இன்னும் வரல்லக்கா என்று சொல்லச் சொல்ல எனக்கே வாய் கசந்தது. பிறகு பிறகு அவர் வாயால் கேட்பதையே விட்டுவிட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்வார்.

ஒரு நாள் குப்பைப் பெட்டியைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்த நிமல் கையை நிறுத்தினான். அவனுக்குத் தமிழ் சரியாக விளங்காது. ஆனால் ஆங்கில எழுத்தில் ‘அம்மா’ என்று தொடங்கியிருந்தது. சிங்களத்திலும் அம்மா அம்மாதானே. என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். யாரோ ஒரு பெண்ணின் மெயிலிலிருந்து சாந்தி எழுதியிருந்தாள். அந்த வீட்டில் அடி தாங்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன், இப்போது நம் நாட்டுப் பிள்ளைகளோடு ஒரு பாதுகாப்பான இடத்தில் இருக்கிறேன், ஊருக்கு அனுப்ப ஏற்பாடு நடக்கிறது, பயப்படாதே. ஹாஜியார் வேன் சாவியை நிமலிடம் நீட்டினார்.

மலையில் மூடுபனி இறங்கியிருந்தது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் அக்கா கூடையோடு வரிசையில் நின்றார். வேனையும் என்னையும் கண்டதும் கூடையைக் கீழே வைத்துவிட்டார். கெட்ட சேதி என்றுதான் நினைத்திருக்கிறார். நான் அவசர அவசரமாக, நல்லா இருக்கா, நல்லா இருக்கா என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். மற்றப் பெண்களும் சுற்றி நின்றார்கள். மூச்சு வாங்க முழுவதையும் வாசித்தேன். சாந்தி பிறகு பத்திரமாக வந்து சேர்ந்தாள். ஆனால் அன்றைக்கு அக்காவிடம் இருந்தது அந்தக் கடதாசி மட்டும்தான். அவர் அழவில்லை. கொழுந்துக் கறை பிடித்த கையைச் சேலையில் துடைத்துவிட்டு, கடதாசியை வாங்கித் திருப்பிப் பார்த்தார், மறுபடி என்னிடம் கொடுத்தார்.

“இன்னொரு தடவ வாசிங்க மிஸ். அவ ‘அம்மா’வக் கொஞ்சம் இழுத்துச் சொல்லுவா, அந்த மாதிரி வாசிங்க.”

இத்தனைக்கும் பிறகு நான் கண்டது இவ்வளவுதான்: விதி எழுதுவது ஒரு மத்தியானத்து வேலை, அதற்குச் சரியாகப் பொருந்துகிற ஒரு மனுசரைக் கண்டுபிடிப்பதுதான் இன்றுவரை முடியாமல் கிடக்கிறது.